கூடையில் மூன்று கட்லெட்

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இன்று ஒரு சிறிய தவறு செய்தேன். வெள்ளையம்மாள் அக்காவின் கூடையில் மூன்று கட்லெட்டும் இரண்டு துண்டு கேக்கும் வைத்து அனுப்பினேன். சீட்டு எழுதவில்லை.

சனிக்கிழமை இந்த நோட்டை எங்கள் மாலை வகுப்பு மீனாட்சி மிஸ் வாங்கிப் படிப்பார். எதுவும் தெரியாத ஆளுக்குச் சொல்வதுபோல எழுத வேண்டும் என்று வகுப்பில் சொல்லியிருப்பதால் முதலிலிருந்து வருகிறேன்.

எங்கள் ஓட்டலின் மூன்றாம் மாடியில் எக்ஸிக்யூட்டிவ் லவுஞ்ச் இருக்கிறது. பெரிய அறை எடுத்தவர்களும் மெம்பர் கார்டு வைத்திருப்பவர்களும் மட்டும் அங்கே வரலாம். பலகாரம், பழம், காபி எல்லாம் மேசையில் இருக்கும். வேண்டியதை எடுத்துச் சாப்பிடலாம். காலை ஆறரை முதல் மூன்றரை வரை நான் அங்கே அட்டெண்டர். சேர்ந்து ஐந்தரை மாதம் ஆகிறது. இந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதியோடு ஆறு மாதம் முடிகிறது. அதற்குப் பிறகுதான் வேலை நிரந்தரம். மாலை ஐந்தரைக்கு ஒண்டிக்கடை ரவுண்டானா பக்கத்தில் ஃப்ரண்ட் ஆபீஸ் வகுப்பு, அதாவது ஓட்டல் வரவேற்பு வேலைக்கான படிப்பு.

லவுஞ்ச் கதவுக்குப் பக்கத்தில் விதிகள் எழுதிய அட்டை மாட்டியிருக்கிறது. நான்காவது விதி, உணவை லவுஞ்சுக்கு வெளியே கொண்டு போகக் கூடாது. ஐந்தாவது, வெளி உணவை உள்ளே கொண்டுவரக் கூடாது. பலகாரத்தைத் தட்டில் எடுத்து வைக்கும் பின்னறையான பேன்ட்ரியில் ஊழியர்களுக்குத் தனி அட்டை: மேனேஜர் கையெழுத்துப் போட்ட சீட்டு இல்லாமல் எந்த உணவும் வெளியே போகக் கூடாது. எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆகவே தெரியாமல் செய்தேன் என்று சொல்ல முடியாது.

வெள்ளையம்மாள் அக்கா மாரமங்கலத்துக்காரர். செவ்வாயும் வெள்ளியும் ஓட்டலுக்குப் பட்டர் ஃப்ரூட் கொண்டுவருவார். இன்று பேன்ட்ரியில் இறக்கிய கூடையின் மேலே ஐந்து கொய்யாப்பழம் தனியாக இருந்தது. "இது ஓட்டலுக்கில்ல கண்ணு, உனக்கு" என்றார். நான் பழத்தையெல்லாம் டிரேயில் அடுக்கிவிட்டுக் கூடையைக் கையில் எடுத்தேன். அதை அப்படியே வெறுமையாக நீட்ட எனக்குக் கை வரவில்லை.

எங்கள் ஊர் மஞ்சக்குட்டையில் ஒருவர் கொண்டுவந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம். ஒரு பிடி சாமை போடுவோம். நாலு மிளகாய் போடுவோம். ஒன்றுமே இல்லாவிட்டால் ஒரு கொத்து கறிவேப்பிலையாவது பறித்துப் போடுவோம். மாரமங்கலத்திலும் அதேதான். பக்கத்தில், பதினோரு மணிக்குக் குப்பைக்குப் போக வேண்டிய கட்லெட், கேக் தட்டு இருந்தது. யோசிப்பதற்குள் கை அதைச் செய்துவிட்டது. அக்காவும் அதை இலையால் மூடிக்கொண்டு போய்விட்டார்.

ஒருவேளை இது சொல்லும் அளவுக்குப் பெரிய விஷயம் இல்லையோ என்னவோ.

நாளை: லவுஞ்ச் மேனேஜர் ராஜேந்திரன் சாரிடம் சொல்லலாமா என்று முடிவு செய்ய வேண்டும்.

ஆகஸ்ட் 20, புதன்

சிறிய தவறு என்று நேற்று எழுதியது தவறு.

காலை ஒன்பது மணிக்கு லவுஞ்ச் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கேட்டுக்கு எதிரே, ரோட்டோரத்தில், சாக்கு விரித்துப் பட்டர் ஃப்ரூட்டைக் குவித்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். சுற்றி எங்கள் கெஸ்ட்டுகள் நாலு பேர். புதன்கிழமை வெள்ளையம்மாள் அக்கா வர மாட்டாரே என்று டீ நேரத்தில் கீழே இறங்கிப் போனேன்.

அக்காதான். செக்யூரிட்டி அண்ணாதுரை அண்ணன் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் முன்னால் நின்றிருந்தார்.

"ஏம்மா, இங்க உக்காராதன்னு எத்தன வாட்டி சொல்றது?"

"ஏனுங்க, ரோடும் உங்க ஓட்டலுதுங்களா? தெரியாமப் போச்சுங்க. கீழ சேலம் வரைக்கும் உங்களுதா, இல்ல கொண்டை ஊசி வளைவோட முடிஞ்சிருதுங்களா?"

பழம் பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு கார் டிரைவர் சிரித்துவிட்டார். அண்ணாதுரை அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது.

"நேத்து கையும் களவுமாப் புடிச்சிருக்கேன். வாயப் பாரு!"

"கட்லெட்டத்தானுங்க புடிச்சீங்க. என்னைய எங்க புடிச்சீங்க? என்ற கூடையக் குடுங்க, நான் பாட்டுக்குப் போறேன்."

அப்போதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. நேற்று அக்கா வெளியே போகும்போது கூடையைச் சோதித்திருக்கிறார்கள். யார் கொடுத்தது என்று கேட்டதற்கு அக்கா வாயைத் திறக்கவில்லை. கேட்டில் வருவோர் போவோரைக் குறிக்கும் கேட் நோட்டில் இப்படி எழுதியிருக்கிறது: "வெள்ளையம்மாள், பழம் போடுபவர். லவுஞ்ச் உணவு திருட்டு. கூடை பறிமுதல்."

அண்ணாதுரை அண்ணன் ஒரு காருக்குக் கேட் திறக்கப் போனதும் நான் அக்காவின் பக்கத்தில் குந்தினேன்.

"ஏனக்கா, நான் குடுத்தேன்னு சொல்லியிருக்கலாமுங்க."

"என்னத்தச் சொல்றது? உன்ற பேரச் சொன்னா உன்ற வேலை போயிரும். என்ற வேலைய எவன் எடுக்கறது? மரத்துக்கு மெமோ குடுப்பானா?" பழத்தைச் சாக்கில் துடைத்து அடுக்கிக்கொண்டே சொன்னார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "ஆனா திருடின்னு எழுதி வச்சிருக்கான் கண்ணு. அதுதான் நொம்பச் சுருக்குன்னு இருக்குது. எங்கூர் பஸ்ஸுல இந்த ஓட்டலுக்கு வர்றவங்களே எட்டுப் பேரு. வெள்ளிக்கெழமைக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிரும். ஊட்ல அவருகிட்ட இன்னும் சொல்லல."

டீ நேரம் முடிந்துவிட்டது என்று மட்டும் சொன்னேன். அது பதிலே இல்லை.

மேலே வந்தபோது ஒரு சென்னை அம்மா, கீழே அக்காவிடம் வாங்கிய அதே பட்டர் ஃப்ரூட்டோடு லவுஞ்சுக்குள் வந்தார். நறுக்கிச் சர்க்கரை போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். ஐந்தாவது விதி. நான் அட்டையைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற ராஜேந்திரன் சார், "தாராளமா மேடம்" என்றார். நான் நறுக்கிக் கொடுத்தேன்.

அப்போது ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. சுதந்திர தினத்தை ஒட்டி மூன்று நாள் விடுமுறை. லவுஞ்ச் நிரம்பி வழிந்தது. ஒரு மெம்பர் குடும்பம் இரண்டு எவர்சில்வர் டப்பாக்களில் கட்லெட்டை அடுக்கியது. நான் நான்காவது விதியைச் சொன்னேன். ராஜேந்திரன் சார் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "சிரிச்சுக்கிட்டே டிஷ்யூ குடும்மா, எண்ணெய் ஒழுகப் போவுது" என்றார். அன்று முழுவதும் யார் எதை எடுத்துப் போகிறார்கள் என்று இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்தேன். யாரையும் மாட்டிவிடுவதற்காக இல்லை; விதி எப்போது விதி, எப்போது இல்லை என்று கற்றுக்கொள்வதற்காகத்தான். ஒன்பது பேர் வெளியே எடுத்துப் போனார்கள். ஒரு தாத்தா தன் கூலிங் கிளாஸ் பெட்டிக்குள் முந்திரி போட்டுக்கொண்டார்.

மூன்று மணிக்கு ராஜேந்திரன் சார் என்னைக் கூப்பிட்டார். மேசையில் டைப் செய்த ஒரு தாள். "மேற்படி கூடையில் உணவு இருந்தது எனக்குத் தெரியாது" என்று இருந்தது. கீழே என் பெயர், சசிகலா.

"பேன்ட்ரில நீதான் இருந்த. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனைக்காத," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "இதுல ஒரு கையெழுத்துப் போடும்மா. உன் மேல ஒரு துரும்பும் படாது. முப்பத்தொண்ணாந்தேதி லெட்டர நானே வாங்கித் தரேன்."

படித்துவிட்டு நாளைக்குத் தருகிறேன் என்று சொல்லித் தாளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். படிக்க அதில் ஒன்றரை வரிதான் இருக்கிறது. நான் பயந்துவிட்டேன் என்பதை எழுதிவைக்கிறேன்.

நாளை: கையெழுத்துப் போடாமல் தாளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். என் கடிதத்தை நானே எழுத வேண்டும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

கடிதத்தை மூன்று முறை எழுதினேன். முதல் தாளில் "ஒருவேளை" நாலு இடத்தில் வந்தது. இரண்டாவதில் மன்னிப்பு அதிகமாகிவிட்டது. மூன்றாவது இது:

"செவ்வாய்க்கிழமை வெள்ளையம்மாள் என்பவரின் கூடையில் இருந்த உணவை நான்தான் வைத்தேன். அவர் கேட்கவில்லை. எடுக்கவுமில்லை. சீட்டு எழுதாதது என் தவறு. திருட்டு என்று கேட் நோட்டில் எழுதியது பொய். அதை அடிக்க வேண்டும்."

பத்து மணிக்கு ராஜேந்திரன் சார் அறையில் இரண்டு தாளையும் வைத்தேன். அவருடைய தாளில் கையெழுத்து இல்லாததைத்தான் முதலில் பார்த்தார். பிறகு என்னுடையதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இத ஃபைல்ல வச்சா உன்ன நான் வேலைல வைக்க முடியாது. புரியுதா?"

"புரியுதுங்க சார்."

"அவங்க வெளியாளு. அவங்க பேரு கெட்டா ஓட்டலுக்கு ஒண்ணும் ஆவாது. நீ நம்ம ஸ்டாஃபு."

"அவங்க பேரு கெட்டா அவங்களுக்கு ஆவுங்க சார்."

"விதின்னு ஒண்ணு இருக்கும்மா. நான் போட்டதில்ல. எல்லா ஊர்லயும் எல்லா லவுஞ்சிலயும் இருக்கறதுதான்."

நோட்டைப் பிரித்து ஞாயிற்றுக்கிழமைக் குறிப்பை வாசித்தேன். கட்லெட் இரண்டு டப்பா. வாழைப்பழம் ஒரு பை. கேக், குழந்தையின் தொப்பிக்குள். ஆறாவது ஆள் வந்ததும் அவர் கையை நீட்டி நிறுத்தினார்.

"அவங்கெல்லாம் கெஸ்ட்டு!"

"வெள்ளையம்மாள் அக்காவும் என்னத் தேடி வந்தவங்கதானுங்க சார். வெறுங்கூடையோட எப்படிங்க அனுப்பறது?"

அவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "சரி. நாளைலருந்து நீ வர வேண்டாம்" என்றார்.

"எழுதிக் குடுங்க சார்."

"என்னது?"

"கட்லெட்ட வெளிய அனுப்பவே சீட்டு வேணும்னு அட்டைல இருக்குதுங்க. என்னைய வெளிய அனுப்பறதுக்கும் ஒரு சீட்டு வேணுமில்லைங்களா? கையெழுத்தோட குடுங்க சார்."

இதைச் சொன்னது நானா என்று எனக்கே இப்போதும் சந்தேகம். ஆனால் சொன்னேன். அவர் பேனாவை எடுத்துத் திறந்தார், மூடினார், மறுபடி வைத்துவிட்டார். "போ. வேலையப் பாரு" என்றார்.

நான் நேராகக் கேட்டுக்குப் போனேன். அண்ணாதுரை அண்ணன் நாற்காலியில் இல்லை; வெளியே, இன்றும் சாக்கு விரித்திருந்த அக்காவோடு மறுபடியும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். நாற்காலிக்கு அடியில் அக்காவின் கூடை இருந்தது. பறிமுதல் செய்த கூடைக்குள் அவருடைய ரெயின்கோட்டும் டிபன் பாக்ஸும் இருந்தன. இரண்டையும் எடுத்து நாற்காலி மேல் வைத்தேன். கேட் நோட்டைத் திறந்தேன். செவ்வாய்க்கிழமை வரிக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. எழுதினேன்:

"இவர் எடுக்கவில்லை. நான் கொடுத்தேன். சசிகலா, லவுஞ்ச் அட்டெண்டர். 21ஆம் தேதி, காலை 10.40."

"ஏய், ஏய்! அதுல நான் மட்டுந்தான் எழுதணும்!" என்று அண்ணாதுரை அண்ணன் ஓடிவந்தார்.

"நீங்க மட்டும் எழுதித்தானுங்கண்ணா இப்படி ஆச்சு."

"அது ஓட்டல் நோட்டு. என் வேலைக்கு ஒல வைக்கறியா?"

"என்ற பேரத்தானுங்க எழுதியிருக்கேன். உங்க பேர எழுதலைங்க."

வெள்ளையம்மாள் அக்கா கேட் கம்பிக்கு மறுபக்கம் வந்து நின்றார். "கொண்டா, நான் படிக்கறேன்" என்றார். நான் நோட்டைத் திருப்பிக் காட்டினேன். அவர் சத்தமாகப் படித்தார். மேலே இருந்த வரியையும் விடவில்லை. "திருட்டு" என்ற இடத்தில் நிறுத்தி, அண்ணாதுரை அண்ணனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். கார் ஸ்டாண்டில் நின்ற டிரைவர்கள், பூச்செடிக்குத் தண்ணீர் விட்டவர், மாரமங்கலத்திலிருந்து வேலைக்கு வரும் இரண்டு பெண்கள், எல்லோரும் கேட்டார்கள்.

"மேல இருக்கறத அடிங்க," என்றார் அக்கா.

"மேனேஜரு சொல்லாம அடிக்க முடியாதும்மா. சாமி சத்தியமா முடியாது." அண்ணாதுரை அண்ணன் குரல் இப்போது வேறாக இருந்தது.

"அப்ப மேனேஜர எறங்கி வரச் சொல்லுங்க. அவரு கையால அடிக்கட்டும். அது வரைக்கும் உங்க ஓட்டலுக்கு ஒரு காய் கிடையாதுங்க. உங்க கெஸ்ட்டுங்க இங்க வந்து வாங்கிக்கட்டும்." நான் நீட்டிய கூடையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "உன்ற வேலை என்னாச்சு சாமி?" என்று கேட்டார்.

"தெரியலீங்க அக்கா. எழுதிக் குடுக்கச் சொல்லியிருக்கேன்."

"குடுத்தானா?"

"இன்னும் இல்லீங்க."

"அப்பறம் ஏன் இங்க நிக்கற? மேல போ!"

மேலே போனேன். பன்னிரண்டு மணிக்குச் சமையலறையிலிருந்து பட்டர் ஃப்ரூட் தீர்ந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். ராஜேந்திரன் சார் ஜன்னலருகே நின்று கீழே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கிப் போகவில்லை. மூன்றரைக்கு அவர் அறை வாசலில் நின்று, தாள் தயாரா சார் என்று கேட்டேன். "மேல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார், என்னைப் பார்க்காமல்.

வகுப்பில் எதுவும் மண்டையில் ஏறவில்லை. திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்தேன். சீட்டு எழுதாதது தவறு. அதற்கு மெமோ கொடுத்தால் வாங்கிக்கொள்வேன். நேற்றே சொல்லாதது அதைவிடப் பெரிய தவறு. ஓட்டல் நோட்டில் நான் எழுதியது தவறா என்று மூன்று முறை கேட்டுக்கொண்டேன். மூன்று முறையும் இல்லை என்றுதான் வந்தது. வேலை போனால் ஊருக்குப் போய் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் எழுத்தில் எதுவும் என் கைக்கு வரவில்லை. நாளைய ட்யூட்டி சார்ட்டில் என் பெயர் இன்னும் இருக்கிறது.

நாளை: காலை ஆறரை மணி ஷிஃப்டுக்குப் போக வேண்டும்.