தொண்ணூற்று நாலு கிலோ

கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவேன். முப்பத்தைந்து வருஷமாகக் கருப்பட்டி வியாபாரம். ஒரு பொதியை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினால் போதும், நூறு கிராம் முன்பின் இல்லாமல் சொல்வேன். ராஜதுரை அண்ணாச்சி எடையில் பொய் சொன்னார் என்று தூத்துக்குடியில் ஒருத்தன் என்னை நோக்கி விரல் நீட்ட முடியாது. இந்தத் திமிரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்த அத்தனைக்கும் இதுதான் காரணம்.

என் மனைவி பகவதி தொண்ணூற்று நாலு கிலோ இருந்தாள். நான் அவளைக் கேலி பண்ணாத நாள் கிடையாது. ஆட்டோவில் ஏறினால், "டயரப் பாத்துக்கோடே" என்று டிரைவரிடம் சொல்வேன். அவளும் சேர்ந்து சிரிப்பாள். உள்ளுக்குள் சிரித்தாளா என்று நான் பார்த்ததே இல்லை.

எங்களுக்கு ஒரே மகள், ஐஸ்வர்யா. மருமகன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஏழு வருஷமாகக் குழந்தை இல்லை. சாயர்புரத்துக்குக் கிழக்கே தேரிக்காட்டில் எங்கள் குலதெய்வக் கோயில் இருக்கிறது. போன வருஷக் கொடைத் திருவிழாவில் நான் அங்கே நின்று, மகள் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கினால் அவள் அம்மையின் எடைக்கு எடை கருப்பட்டி தருகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். சாமி கேட்டுவிட்டது. இந்த வருஷத் தொடக்கத்தில் மகள் போனில் அழுதுகொண்டே நல்ல செய்தி சொன்னாள்.

அன்று முழுக்க பகவதியைக் கையில் பிடிக்க முடியவில்லை. சாயங்காலம்தான் சோர்ந்து உட்கார்ந்தாள். முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னாள், "பேரப்பிள்ளைய என் கால்ல போட்டு நாந்தான் குளிப்பாட்டணும். இப்ப கீழ உக்காந்தா எந்திரிக்க முடியல்ல. அதுக்குள்ள ஒடம்பக் கொறைச்சுப் போடணும்." அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. காலை நீட்டி உட்கார்ந்து, அதில் பிள்ளையைக் கிடத்தி, வெந்நீர் விட வேண்டும். அவ்வளவுதான்.

சர்க்கரைக்கு வைத்தியம் பார்க்கும் பிளாரன்ஸ் டாக்டரிடம் கூட்டிப் போனேன்.

"மாசம் ரெண்டு கிலோ கொறைஞ்சா போதும். பால், முட்டை, மீன், கேப்பை எதையும் நிறுத்தக் கூடாது. காலைல வெயில்ல நடக்கணும். மாதவிலக்கு நின்னு நாலு வருஷம் ஆகுதுல்லா, எலும்புக்கு ஒரு ஸ்கேன் எடுத்துருவோம்" என்றார் டாக்டர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எலும்புக்கா? தொண்ணூத்தி நாலு கிலோவச் சொமக்குத எலும்பு டாக்டர். தேக்குல்லா!"

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்காங்க. கனத்தத் தாங்கித் தாங்கி எலும்பு கொஞ்சம் உறுதியாகும், அது நெசந்தான். ஆனா வயித்தச் சுத்திச் சேருத கொழுப்பு எலும்புக்கு நல்லதில்ல. அவசரப்பட்டுக் கொறைச்சா எலும்பும் சேந்து கரையும். நெதானமாச் செய்ங்க."

என் காதில் விழுந்தது 'கொறைக்கணும்' என்ற ஒரு சொல்தான். மற்றதையெல்லாம் அந்த அறையிலேயே விட்டுவிட்டு வந்தேன். ஸ்கேனும் எடுக்கவில்லை.

மறுநாளே வீட்டில் பாலை நிறுத்தினேன். முட்டை, நெத்திலி, நிலக்கடலை, தேங்காய் எல்லாம் போயிற்று. காலையில் சீரகத் தண்ணீர், மத்தியானம் ஒரு கரண்டிச் சோறும் ரசமும், ராத்திரி வெள்ளரிக்காய். பசியில் கண் இருட்டுகிறது என்று அவள் படுத்துக்கொண்டால், "அப்பதாம்ளா கொழுப்பு உருகுது" என்பேன். அதை ஏதோ படித்தவன் மாதிரி சொல்வேன்.

சனிக்கிழமைதோறும் சரக்கு அடுக்கும் என் கிட்டங்கிக்கு வரச் சொல்லி, மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் அவளை ஏற்றினேன். நம்பரைச் சுவரில் சாக்பீஸால் எழுதினேன். மாதத்துக்கு மாதம் எண்பத்தெட்டு, எண்பத்தொன்று, எழுபத்து நாலு. லோடுமேன் சுடலைக்கண்ணன் ஒவ்வொரு வாரமும் கை தட்டுவான். தெருவில் பார்க்கிற பெண்களெல்லாம், "ஏளா, கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிட்ட" என்றார்கள். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு பெருமை! பட்டினி கிடந்தது அவள், மீசையை முறுக்கியது நான்.

பட்டினி தொடங்கி நாலாவது மாதம் ஒருநாள் அவள் சொன்னாள், "ஏங்க, முதுகுல ஒரு வலி இருந்துகிட்டே இருக்கு. குனிஞ்சா உயிர் போகுது. டாக்டர்ட்ட ஒரு எட்டு போவமா?"

"கனம் கொறையும்போது அப்படித்தாம்ளா இருக்கும். கோயில் முடியட்டும், போவோம்."

அவள் அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. என்னைத் தெரிந்தவள்.

மகளுக்கு ஏழாவது மாதம் நேர்ச்சையைச் செலுத்தப் போனோம். கோயிலில் தராசு கிடையாது. என் கிட்டங்கியில் சும்மா கிடந்த பழைய சங்கிலித் தராசை வண்டியில் ஏற்றிப் போய், இரும்புக் கால் நட்டுத் தொங்கவிட்டேன். ஒரு தட்டில் ஓலையில் கட்டிய பத்துக் கிலோச் சிப்பம் ஒன்பது, மேலே நாலு கிலோ உதிரிக் கருப்பட்டி. நேர்ந்தபோது இருந்த தொண்ணூற்று நாலு கிலோவும் சாமிக்குத்தான். ஆனால் அவள் எவ்வளவு குறைந்திருக்கிறாள் என்று சொந்தபந்தம் பார்க்க வேண்டாமா? அவளை மறு தட்டில் உட்காரவைத்து, ஒவ்வொரு சிப்பமாக இறக்கிக் காட்டுவது என்பது என் ஏற்பாடு. பூசாரி, "எதுக்கு அண்ணாச்சி, சும்மா தொட்டு எறக்கிருவோம்" என்றார். நான் கேட்கவில்லை.

பகவதி சம்மணமிட்டு உட்கார்ந்தாள். அவள் தட்டு ஒரு முழத்துக்கு மேலே எழும்பியது. எல்லோரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள். அவளும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். நான் ஒரு சிப்பத்தை எடுத்தேன். எண்பத்து நாலு. இன்னொன்று. எழுபத்து நாலு. தட்டு இறங்கவில்லை. கூட்டம் ஆரவாரம் செய்தது. எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. அவள் அறுபத்து மூன்று என்று எனக்குத் தெரியும். ஒன்று எடுத்தால் கிட்டத்தட்டச் சமமாகும் என்றும் தெரியும். இருந்தும், "இன்னும் பாருங்கய்யா!" என்று இரண்டு கையிலும் இரண்டு சிப்பத்தைச் சேர்த்துத் தூக்கினேன்.

அவள் தட்டு கீழே வந்து சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தது. வேகமாகக்கூட இல்லை. நாற்காலியில் பொத்தென்று உட்காருவோமே, அவ்வளவுதான். பச்சைப்பிள்ளை உட்கார்ந்திருந்தால் சிரித்திருக்கும்.

பகவதி, "அம்மா" என்றாள். சத்தமே இல்லை. முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. "என்னய எந்திரிக்கச் சொல்லாதிய" என்றாள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். முதுகெலும்பில் இரண்டு எலும்புக் கட்டைகள் நசுங்கியிருந்தன. பிளாரன்ஸ் டாக்டர் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். அன்று எடுக்காத ஸ்கேனையும் எடுத்தார்கள். எண்பது வயதுக்காரியின் எலும்பு என்றார். அவளுக்கு ஐம்பத்து மூன்று.

"எலும்பு ஏற்கெனவே நொந்துதான் இருந்திருக்கு. வெளிய தெரியல்ல. அஞ்சு மாசத்துல முப்பத்தொரு கிலோ. கொழுப்பு மட்டும் தனியா எறங்கிப் போகாது. இருந்த கொஞ்ச எலும்பையும் கூட்டிட்டுப் போயிரும். நான் அன்னைக்கே சொன்னேனே" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன்.

இனி நிமிர்ந்து நடக்க முடியாது. மூன்று மாதம் படுக்கை, அதன் பிறகும் பெல்ட். குனியக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது. இரண்டு கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது. பார்க்க வந்த ஒருத்தி கட்டிலில் கிடந்தவளைப் பார்த்து, "ஆனாலும் நல்லா மெலிஞ்சிட்டாங்க" என்றாள். வெளியே போ என்று கத்திவிட்டேன். போக வேண்டியவன் நான்தான்.

கிட்டங்கிச் சுவரை ஈரத்துணியால் துடைத்தேன். அறுபத்து மூன்று மட்டும் லேசாகத் தெரிகிறது.

இரண்டு மாதம் கழித்து மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பக்கத்துத் தெரு இசக்கிசெல்வி குளிப்பாட்ட வந்தாள். முற்றத்தில் தண்ணீர் விழும் சத்தமும் பிள்ளை வீறிடும் சத்தமும் கேட்டன. பகவதி கட்டிலில் கிடந்து கேட்டுக்கொண்டிருந்தாள். போர்வைக்கடியில் இரண்டு கால்களையும் சேர்த்து நேராக நீட்டி வைத்திருந்தாள்.

துண்டில் சுற்றிய பிள்ளையை என்னிடம் தந்தார்கள். நான் கட்டிலருகே கொண்டுபோனேன். பகவதி இரண்டு கைகளையும் நீட்டினாள். பாதியில் டாக்டர் சொன்னது அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"எவ்வளவு இருக்கா?" என்று கேட்டாள். கண்ணால் கெஞ்சினாள்.

இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினேன். இரண்டுக்குள்தான் என்று சொல்லிவிட ஆசைப்பட்டேன். வாழ்க்கையில் எடையில் ஒரு பொய் சொல்ல ஆசைப்பட்டது அன்றுதான்.

"மூணு கிலோ எரநூறு" என்றேன்.

நீட்டிய கைகளை மடக்கிப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பக்கத்துல கெடத்தட்டுமாளா?" என்றேன்.

"இப்ப வேண்டாம். அவ அம்மைட்ட கொடுங்க, பால் குடிக்கட்டும்." பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள், "இவளையாவது தராசுல ஏத்தாதிய."