பார்க்காத அழுங்கு

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. எல்லாக் கதையும் அப்படித்தானே என்று சொல்ல வருகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். கதைக்காகச் சொல்லும் பொய் வேறு, இது வேறு. இதை ஒரு நோட்டில் பேனாவால் எழுதி, கீழே சாட்சிக் கையெழுத்தும் வாங்கி வைத்திருந்தார்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

‘1999 அக்டோபரில், ஜெர்மனியின் ஒரு சிறிய ஊரில், பட்டப்பகலில் இருட்டாக இருந்த ஒரு கட்டடத்துக்குள் இரண்டு நண்பர்கள்—’

துப்பறியும் கதை மாதிரி இருக்கிறது. யாரும் சாகவில்லை. அடித்துவிட்டேன்.

அடுத்தது: ‘கீத்துக்கு அழுங்கு* என்றால் உயிர்.’

இதுவும் சரியில்லை. அழுங்கு என்று யாராவது எடுத்தாலே கீத் பேச்சை மாற்றுவான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

(* அழுங்கு: எறும்பு தின்னும் விலங்கு. உடம்பெல்லாம் செதில், தொட்டால் சுருண்டுகொள்ளும். கூண்டில் வைத்து வளர்ப்பது படு கஷ்டம் என்பதால் மிகச் சில விலங்குப் பூங்காக்களில்தான் இருக்கிறது. ‘எங்க ஊர்க் காட்டிலேயே இருக்கே’ என்பீர்கள். இருக்கிறது. நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?)

2

கீத்தும் க்ளைவும் இங்கிலாந்தில் டட்லி என்ற ஊர்க்காரர்கள். கீத் பள்ளி ஆய்வகத்தில் உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். க்ளைவ் பஸ் ஓட்டினவன். இரண்டு பேருக்கும் ஒரே பைத்தியம். ஊர் ஊராகப் போய் விலங்குப் பூங்காக்களில் அரிய விலங்குகளைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொள்வார்கள். சிங்கம், புலி எல்லாம் அவர்களுக்கு வழியில் வருகிற மரம் மாதிரி. ஐரோப்பா முழுக்க மொத்தமே மூன்று இருக்கிற ஏதோ ஒரு எலிக்காகக் கப்பல் ஏறுவார்கள்.

இந்தப் பைத்தியத்துக்கு விதி உண்டு. கண்ணால் பார்க்க வேண்டும். வைக்கோல் அசைந்தது சேராது, வால் நுனி சேராது, கேமராத் திரையில் தெரிந்ததும் சேராது. பார்த்த அன்றே பேனாவால் எழுத வேண்டும். இவன் நோட்டில் அவன் கையெழுத்துப் போடுவான், அவன் நோட்டில் இவன். கையெழுத்து இல்லாத விலங்கு பார்க்காத விலங்கு. (கல்யாணப் பதிவேட்டில்கூட க்ளைவ் இவ்வளவு பயபக்தியோடு கையெழுத்துப் போட்டதில்லை என்று அவன் மனைவி க்ளெண்டா சொல்வாள்.)

அந்த 1999 அக்டோபரில், ஜெர்மனியின் அந்தச் சிறிய ஊரில், இருவரும் பூங்காவின் இரவு விலங்குகள் கூடத்தில் அழுங்குக்காக நின்றார்கள். பகலெல்லாம் அங்கே இருட்டாக வைத்து ஒரு சிவப்பு விளக்கு மட்டும் போட்டிருப்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மரப்பெட்டி, கொஞ்சம் வைக்கோல். இரண்டு மணி நேரம் நின்றார்கள். கடைசி ரயிலுக்கு நேரமானபோது கீத் சொன்னான்:

“பாத்துட்டேன்.”

“நானும்,” என்றான் க்ளைவ்.

ரயிலில் இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

கீத் எதையும் பார்க்கவில்லை.

3

இப்போது இந்த வருடத்துக்கு வருவோம். ஒரு சனிக்கிழமை மத்தியானம், க்ளைவின் சமையலறை. மேசைமேல் வரைபடம், ரயில் அட்டவணை, பிஸ்கட் டப்பா. அக்டோபரில் ஜெர்மனி போவதற்குத் திட்டம். நாலு நாள், ஆறு பூங்கா. இரண்டு பேருக்கும் வயதாகிவிட்டது. க்ளைவின் முழங்கால் இனிமேல் கப்பல் படி ஏறாது. இதுதான் கடைசிப் பயணம்.

அந்தப் பழைய ஊரில் இப்போது வேறு ஒரு அழுங்கு இருக்கிறது. கிழட்டுப் பெண் அழுங்கு. அது போய்விட்டால் இன்னொன்று வாங்கப்போவதில்லை என்று பூங்காக்காரர்களே எழுதிவிட்டார்கள். அதாவது, இந்தத் தடவை அங்கே போகாவிட்டால் கீத் சாகும்வரை அந்தப் பொய்யோடுதான் இருக்க வேண்டும்.

க்ளைவ் பென்சில் முனையை அந்த ஊர்மேல் வைத்தான்.

“இதை அடிச்சிடலாமா? மூணு மணி நேரம் சுத்து. அழுங்கை விட்டா அங்க ஒண்ணும் கிடையாது. அதைத்தான் நாம பாத்தாச்சே.”

“ஆமா, பாத்தாச்சு,” என்றான் கீத்.

பென்சில் நகரவில்லை.

“இருந்தாலும் அங்க மான் கொட்டகை நல்லா இருக்கும்,” என்றான் கீத்.

“நல்லா இருக்கும், நல்லா இருக்கும்,” என்றான் க்ளைவ் அவசரமாக. “கேன்டீன்ல ஆப்பிள் கேக்கும் உண்டு.”

பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த க்ளெண்டா திரும்பிப் பார்த்தாள்.

“கேக் தின்ன மூணு மணி நேரம் ரயிலா? தெருமுனைக் கடையில ரொட்டி வாங்கிட்டு வாங்கன்னா முழங்கால் வலிங்கறாரு இவரு.”

“உனக்குப் புரியாது, விடு.”

“புரியலதான். காண்டாமிருகம் மூத்திரம் பேஞ்ச கதையெல்லாம் சாப்பிடும்போது சொல்லுவீங்க. இந்த அழுங்கைப் பத்தி மட்டும் ரெண்டு பேரும் வாயே திறந்ததில்ல. எப்படித்தான் இருந்துச்சு அது? பெட்டியிலேர்ந்து வந்து எந்தப் பக்கம் போச்சு?”

“இடது பக்கம்,” என்றான் கீத்.

“வலது பக்கம்,” என்றான் க்ளைவ்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன.

4

இதற்குப் பிறகு நடந்ததை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் பெரிய சண்டை. நோட்டைக் கிழித்து— இல்லை. நோட்டைக் கிழிக்கிற ஜாதி இல்லை இவர்கள்.

இன்னொன்றில், ‘எனக்கு இடது, எதிரே நின்ற உனக்கு வலது’ என்று சமாளிக்கிறார்கள். இதைத்தான் முதலில் விரும்பினேன். ஆனால் அன்று இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் நின்றார்கள். க்ளெண்டா விடமாட்டாள்.

உண்மையில் நடந்தது இது. க்ளைவ் பென்சிலைக் கீழே வைத்தான்.

“நான் பாக்கலடா,” என்றான். “அன்னிக்கு வைக்கோல் அசைஞ்சுது, அவ்வளவுதான். நீ பாத்துட்டேன்னு சொன்ன. என் கண்ணுக்கு மட்டும் தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. உன்கிட்ட கையெழுத்து வேற வாங்கிட்டேன். மன்னிச்சிடு.”

‘கீத் உடனே தானும் ஒப்புக்கொண்டான்’ என்று எழுதியிருந்தேன். அதையும் அடித்துவிட்டேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. அடுப்பு மேடையில் கெட்டில் இரைந்து, கொதித்து, தானாக அணைகிறவரை ரயில் அட்டவணையைப் புரட்டிக்கொண்டிருந்தான். இப்போது வாயை மூடிக்கொண்டால் அழுங்கு தன் நோட்டில் மட்டும் இருக்கும், க்ளைவுக்கு ஒருபோதும் தெரியாது என்று அந்த நேரத்தில் அவனுக்குத் தோன்றியது. இவ்வளவு கேவலமான நினைப்பை ஒரு கதாபாத்திரத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை. கீத் என்று யாரும் கிடையாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான்.

“நானும் பாக்கல,” என்றேன்.

“என்னது?”

“நானும் பாக்கலடா. நீயாவது வைக்கோல் அசைஞ்சதைப் பாத்த. எனக்கு அதுகூடத் தெரியல. இவ்வளவு தூரம் வந்துட்டு வெறுங்கையோட போறதான்னு சொல்லிட்டேன்.”

க்ளைவ் என்னைப் பார்த்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் மேசையில் நெற்றியை வைத்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

“பாவி. இருபத்தாறு வருஷம். நீ அந்தப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். இவன் நிஜமாப் பாத்தான், நான்தான் திருடன்னு.”

“எனக்கும் அதே வயித்தெரிச்சல்தான்.”

“ரெண்டு திருடனுக்கும் டீ போடவா?” என்றாள் க்ளெண்டா.

நெஞ்சுக்குள் இத்தனை வருடம் கிடந்த கல் ஒன்று இறங்கிவிட்டது. இதை அழகாகச் சொல்ல ஒரு வாக்கியம் தேடினேன், கிடைக்கவில்லை. அந்த டீ நன்றாக இருந்தது. பிஸ்கட் நமுத்துப்போயிருந்தது, அதுவும் நன்றாக இருந்தது.

பிறகு நோட்டுகளை எடுத்து, அடிக்கோல் வைத்து, அழுங்கின்மேல் கோடு போட்டோம். அடித்ததற்கும் கையெழுத்து வேண்டுமே. எங்கள் கையெழுத்துக்கு இனி என்ன மரியாதை என்று க்ளெண்டாவே இரண்டு நோட்டிலும் போட்டாள்: ‘இவர்கள் பார்க்கவில்லை. சாட்சி, க்ளெண்டா.’

5

அந்த ஊரில் ஒரு பகல் என்று இருந்ததை இரண்டு முழுநாளாக மாற்றிவிட்டோம். இரண்டு பூங்காக்களை அடித்தாயிற்று. டிக்கெட் எடுத்தாயிற்று. மடக்கு நாற்காலி இரண்டு வாங்கியாயிற்று. ஒவ்வொரு நாளும் காலையில் பூங்காவின் இணையப் பக்கத்தைத் திறந்து, கிழவி இன்னும் இருக்கிறாளா என்று பார்க்கிறேன். இன்று காலைவரை இருக்கிறாள்.

முடிவு எங்கே என்று கேட்கிறீர்கள். பயணத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது. எழுத எனக்குத் தெரியாதா? சிவப்பு விளக்கு, மரப்பெட்டி, மெல்ல ஒரு மூக்கு வெளியே வருகிறது, க்ளைவ் என் கையைப் பிடி—

வேண்டாம். பார்க்காததைப் பார்த்ததாக ஒரு தடவை எழுதிவிட்டு இருபத்தாறு வருடம் பட்டது போதும். இன்னொரு தடவை என்னால் முடியாது. வெளியே வராவிட்டாலும் பரவாயில்லை. ‘பார்க்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட இப்போது ஒரு ஆள் பக்கத்தில் இருக்கிறான்.

உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் கீழே இடம் விட்டிருக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஒரே விதி. கண்ணால் பார்த்திருந்தால் மட்டும்.

அழுங்கு: .....................

சாட்சி: .....................