ஐந்தடி ஜாங்கிரி

மகாதேவன் காலையில் முதலில் பார்ப்பது சோதனைக் குழாயை. அதிலிருக்கும் நீலக் கரைசலில் மனைவி ஷ்யாமளாவின் சிறுநீரை எட்டுச் சொட்டு விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவான். நீலம் நீலமாகவே நின்றால் அவள் உடம்பில் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் சிவப்பைத் தொட்டால் ஆபத்து. போன வருஷம் அந்தச் சிவப்பு வந்த மூன்றாம் நாள் அவள் நினைவு தப்பி விழுந்தாள். பிழைக்க வைத்த டாக்டர், "இன்னொரு தடவை இப்படிக் கொண்டுவராதேள்" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து மாட்டுங்காவில் அவர்கள் இருந்த இரண்டாம் மாடி வீட்டில் சர்க்கரையும் இல்லை, வெல்லமும் இல்லை. ரேஷன் சர்க்கரையைக் கீழ்வீட்டுக் கோமதி மாமியிடம் கொடுத்துவிடுவான்.

இந்த நிலையில்தான், அவன் ஆர்ட்டிஸ்டாக இருந்த விளம்பரக் கம்பெனியில், ஒரு மிட்டாய்க் கடைக்காரருடைய 1967 காலண்டருக்குப் படம் கேட்டார்கள். பார்க்கிறவன் கை தானாகப் பைக்குள் போக வேண்டும் என்பது மானேஜர் முகம்மது ஹனீப் சொன்ன ஒரே யோசனை. மகாதேவன் ஐந்தடி கான்வாஸில் ஒற்றை ஜாங்கிரியை வரைந்தான். வீட்டில்தான் வரைந்தான். மாதிரிக்கு வாங்கிய ஜாங்கிரிகளைத் தகர டப்பாவில் பூட்டிச் சாவியைப் பூணூலில் கட்டிக்கொண்டான். ஒரு மாதத்தில் படம் முடிந்தது. வளையத்துக்கு வளையம் பாகு மினுங்கியது. அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். கான்வாஸ் வீட்டிலேயே இருந்தது.

கோகுலாஷ்டமியன்று ஆபீஸிலிருந்து வந்தவன், கான்வாஸ் சுவாமி அறையில் கிருஷ்ணன் படத்துக்கு எதிரே சாய்த்து வைக்கப்பட்டிருப்பதைக் கண்டான். அதன் மேல் விளிம்பில் ஒரு துளசி இலை. முன்னால் தரையில் நீர் சுற்றிய ஈரம்.

"என்ன இது?"

"நைவேத்யம் பண்ணினேன். ஆத்துல ஒரு பொட்டு வெல்லம் விட்டு வெச்சிருக்கேளா? பொறந்த நாளும் அதுவுமா அவனுக்கு வெறும் உப்புச்சீடைதானா?"

"கடைல வாங்கிண்டு வரச் சொல்லியிருக்கலாமே."

"கடைப் பட்சணத்தை யாராவது நைவேத்யம் பண்ணுவாளா? இது நீங்க ஆத்துலயே பண்ணினது. ஒருத்தர் வாய் படலை. இதைவிட மடியா எங்க கிடைக்கும்?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. "சரி, சாப்பிட்டானா?"

"ஆச்சு. இனிமே பிரசாதம்" என்று கான்வாஸைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மறுநாள் குழாய் பச்சையாகியது. அதற்கடுத்த நாள் மஞ்சள். மகாதேவன் டப்பாவைத் திறந்து பார்த்தான். ஜாங்கிரிகள் வைத்தது வைத்தபடி இருந்தன. ஒன்றைப் பிட்டு வாயில் போட்டான். நனைந்த காகிதத்தை மெல்வதுபோல் இருந்தது. இனிப்பே இல்லை. டப்பாப் பக்கம் ஓர் எறும்பும் இல்லை. சுவாமி அறையில் எறும்பு வரிசை கட்டிக் கான்வாஸின் மேல் ஏறிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ். திரும்பி வந்தபோது ஷ்யாமளா கான்வாஸின் முன் உட்கார்ந்திருந்தாள். கை மடியில் இருந்தது, வாய் மூடியிருந்தது. தொண்டை மட்டும் விழுங்கி விழுங்கி ஏறி இறங்கியது. கிட்டே போனவனுக்கு அவள் மூச்சில் பன்னீரும் பாகும் மணத்தன.

"போறும், ஷ்யாமளா. எழுந்திரு."

"பிரசாதத்தை வேண்டாம்னு சொல்லப்படாது" என்றாள், கண்ணை எடுக்காமல்.

அன்று குழாய் ஆரஞ்சில் நின்றது. மகாதேவன் இருந்த நீலச் சாயம் அத்தனையையும் பிதுக்கி, அகலத் தூரிகையால் ஜாங்கிரியை அடியோடு மூடினான். அவள் தடுக்கவில்லை. அழவும் இல்லை. காலையில் குழாய் நீலமாக இருந்தது. எறும்புகளைக் காணோம். தீபாவளி நெருங்கும் வரை நீலம் மாறவே இல்லை. குழாயை நேரம் தப்பிப் பார்க்கும் அளவுக்கு அவனுக்கே துணிச்சல் வந்துவிட்டது.

தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை, அவன் குழாயைத் தாங்கியில் நிறுத்தி விளக்கைப் பற்றவைத்த நேரத்தில் கோமதி மாமி மூச்சு வாங்க மாடி ஏறி வந்தாள். கையில் சுருட்டிய காலண்டர்.

"ஏண்டா மகாதேவா, நீ போட்ட படமாமே இது? அரைக் கிலோ பட்சணம் வாங்கினா ஒண்ணு இனாமாத் தரான். கியூ ஸ்டேஷன் வரைக்கும் நிக்கறது. என்னத்தைக் கலந்து வரைஞ்சே? எச்சில் ஊறறதுடா எனக்கே."

அவன் அதை வாங்கி, மாமி வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கக் குறுக்கே கிழித்தான்.

"அதை எதுக்குக் கிழிக்கறேள்?" ஷ்யாமளா கட்டிலில் இருந்தபடியே சொன்னாள். "மாமியாத்துச் சமையல்கட்டுல இன்னொண்ணு மாட்டியிருக்கு. எதிர் பில்டிங்ல மூணு. மார்க்கெட்ல கடைக்குக் கடை இருக்கு."

"நீதான் ஒரு வாரமா வாசல்படி தாண்டலையே. உனக்கு எப்படித் தெரியும்?"

"அங்கேருந்தெல்லாம் தித்திப்பு வந்துண்டே இருக்கே" என்று சொல்லிப் புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். அவள் தொண்டை ஏறி இறங்கியது. ஏறி இறங்கி, நிற்காமல்.

மகாதேவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். ஸ்டேஷன் பக்கமிருந்து ஜனங்கள் கக்கத்தில் சுருட்டிய காலண்டரோடு கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். திரும்பிக் குழாயைப் பார்த்தான். பச்சை போய் மஞ்சள் வந்திருந்தது. விளக்கை ஊதி அணைத்தான்.

அணைத்த பிறகும் நிறம் ஏறிக்கொண்டே இருந்தது.