ஏழாம் பாட்டன் பெயர்

கூடாரத்தின் இடப்பக்கம், திரைக்குப் பின்னால் ஜுமாபேக்கின் உடல். திரையை ஒட்டி, வாசலுக்கு முதுகு காட்டி ஒப்பாரி பாடிக்கொண்டிருந்தவர்கள் மூவர்: மனைவி அனார்குல், மகள் பெர்மெத், பக்கத்து வீட்டுத் தாமிரா. வெளியே, இடுப்பில் துணி கட்டி, கம்பில் சாய்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் குரலெடுத்து அழுதுகொண்டிருந்தான் மகன் எல்தியார். அவனுக்கு வலப்புறம் இறந்தவரின் அண்ணன் ஒஸ்மோன் நிற்க வேண்டும். அங்கே யாரும் இல்லை.

ஒஸ்மோன் இருக்கும் கோச்கோருக்குச் சாவுச் சேதி கொண்டுபோன வேன் ஓட்டுநர் குபாத் திரும்பி வந்து, தாமிராவை வெளியே அழைத்துத் தாழ்ந்த குரலில்தான் சொன்னான். கம்பளிச் சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் கேட்டது.

"'என் பொண்டாட்டி குரலத் தொலைச்சவன் குழியில நான் மண்ணு போட மாட்டேன்'னுட்டாரு."

அனார்குல் பாட்டை நிறுத்தவில்லை. பெர்மெத் நிறுத்தினாள்.

பெரியம்மா போன வருஷம் இறந்தபின், அவள் பேசி அனுப்பிய குரல் துணுக்குகள் பெரியப்பாவின் போனில் இருந்தன. "உப்பு வாங்கிட்டு வாங்க." "ஆட்டுக்குத் தண்ணி வெச்சீங்களா?" தேநீர் குடிக்கும்போதெல்லாம் ஒன்றைப் போட்டுக் கேட்பார். வசந்தத்தில் தம்பி ஜுமாபேக்கின் பெயரில் ஒரு சேதி வந்தது: அண்ணா, உங்கள் போனுக்கு ஆறு எண் வரும், எனக்கு அனுப்புங்கள். தம்பி கேட்டால் எதற்கென்று கேட்பாரா? அனுப்பினார். அந்த எண்ணோடு பெரியப்பாவின் கணக்கு எவனோ ஒருவன் கைக்குப் போனது. அவன் எல்லாவற்றையும் அழித்தான். "நான் கேக்கலண்ணா" என்று அப்பா எவ்வளவோ சொன்னார். "உன் படம், உன் பேரு. வேற எவன்டா?" என்றார் பெரியப்பா. அதோடு பேச்சு நின்றது.

பெர்மெத் தம்பியைக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"அப்பாவுக்குக் கணக்கு தொறந்து குடுத்தது யாரு?"

"நாந்தான்க்கா."

"கடவுச்சொல் என்ன வெச்ச?"

அவன் கம்பைத் தரையில் திருகினான். "கோஜோபெர்தி."

"ஏழாம் பாட்டன் பேரையா? நம்ம வம்சத்துல மூக்கு ஒழுகுற பிள்ளைகூடச் சொல்லுமேடா!"

"அவரு மறக்கக் கூடாதுன்னு... எல்லாரும் அப்படித்தான் வெக்கிறாங்க."

"ஏழு தலைமுறைப் பாட்டன் பேரையும் அப்பா ஒப்பிச்சத வீடியோ புடிச்சு ஊரு பூரா போட்டதும் நீதான். திருடனுக்கு வேற என்ன வேணும், அழைப்புக் கடிதாசியா? சரி, அப்பா கணக்குல வேற போன்லேருந்து யாரோ நுழையறாங்கன்னு எச்சரிக்கை வருமே?"

"என் போனுக்குத்தான் வந்துச்சு. கல்யாண வீட்டுல இருந்தேன். அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளிவிட்டேன்."

"அப்ப உனக்குத் தெரியும்."

அவன் தலையாட்டினான்.

"அப்பா திட்டு வாங்குனப்பல்லாம் தெரியும்."

"பிஷ்கேக்ல கம்ப்யூட்டர் வேல பாக்குறவன்னு சொல்லிக்கிட்டு... வெக்கமா இருந்துச்சுக்கா."

"உனக்கு வெக்கம். அவருக்கு அண்ணன் போச்சு."

"இப்பவே போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"எந்தப் போனுக்கு? அன்னிக்கே அவரு அத ஆத்துல வீசிட்டாரு. காகிதத்துல எழுது. உன் கையெழுத்து அவருக்குத் தெரியும், எழுதப் பழக்குனதே அவருதான்."

'மன்னித்துவிடுங்கள்' என்று தொடங்கினான். பெர்மெத் தாளைப் பிடுங்கிக் கிழித்தாள். "மொதல்ல என்ன செஞ்சேன்னு எழுது. மன்னிப்பு கடைசியில."

மறு தாளில் வரிசையாக எழுதினான்: கடவுச்சொல், வீடியோ, தள்ளிவிட்ட எச்சரிக்கை, வாய் திறக்காத மாதங்கள். அவள் நின்றபடியே படித்தாள்.

"நாளைக்கு மத்தியானம் அடக்கம், அதுக்குள்ள வாங்கன்னு எழுதட்டுமா?"

"வேணாம். அவரக் கூப்பிடற தகுதி உனக்கு இல்ல."

அவளும் எழுதவில்லை.

உறையின் பசை காய்ந்துபோயிருந்தது. சாவு வீட்டுக்குப் போர்சோக் ரொட்டித் துண்டுகள் பொரித்துக்கொண்டிருந்த பெண்களிடம் போய், வெட்டாத மாவில் ஒரு கிள்ளு எடுத்து, தண்ணீர் தொட்டு, ஓரம் முழுக்கக் கட்டைவிரலால் தேய்த்து அழுத்தினாள். வேனில் உட்கார்ந்திருந்த குபாத்திடம் நீட்டினாள்.

"பெரியப்பா கையில."

"ஈரமா இருக்கே, தங்கச்சி. சட்டைப்பையில வெச்சா துணியோட ஒட்டிக்கும்."

அவள் உறையை அவன் கையிலேயே திணித்தாள். குபாத் வண்டியைக் கிளப்பினான். ஒரு கையால் வளைத்துத் திருப்பி, மறு கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, உறையைக் காற்றில் காயப் பிடித்தபடி போனான்.