மேலே ஒரு ஆள், கீழே ஒரு ஆள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் ஒரு வேலையும் செய்யாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது கிடைத்த கதை இது. வேலை செய்தவர்கள் வேறு இரண்டு பேர்.

விதுராவுக்கும் கல்லாற்றுக்கும் நடுவில் என் மனைவி ஸ்ரீலட்சுமிக்கு ஒரு துண்டுத் தோட்டம் உண்டு. தொண்ணூறு கமுகு, முருக்கு மரங்களில் படர்ந்த கொஞ்சம் நல்லமிளகு. நாங்கள் இருப்பது நகரத்தில், கரமனையில். ஜூன் தொடக்கத்தில் வரும் இடவப்பாதி மழைக்கு முன்னால் கமுகுக் குலைகளுக்குத் துருசும் சுண்ணாம்பும் கலந்த நீல மருந்தை அடித்தாக வேண்டும். அடிக்காவிட்டால் மகாளி நோய் வந்து பிஞ்சு முழுக்கக் கொட்டிவிடும். அதை அடிக்க இருபது வருடமாக வருகிறவர்கள் இசக்கிப்பாண்டியும் அவர் மனைவி ஆவுடைத்தாயும். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து விதுராவில் ஒற்றை அறையில் குடியிருக்கிறார்கள். மேற்பார்வைக்கு நான் போவேன். மேற்பார்வை என்றால் நிழல் பார்த்து நாற்காலி போடுவதுதான்.

கதையை எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: ‘பொன்முடியிலிருந்து இறங்கிய மேகம் கல்லாற்றின் மீது தன் நிழலை...’

(நிறுத்திவிட்டேன். எங்கள் தோட்டத்திலிருந்து கல்லாறு தெரியாது. நடுவில் ஒரு ரிசார்ட்டின் பின்சுவர் இருக்கிறது.)

இரண்டாவது தொடக்கம்: ‘அந்தப் பம்புக்கு இருபத்திரண்டு வயது.’

இது உண்மை. அதனால் இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

அந்தப் பம்புக்கு இருபத்திரண்டு வயது. மருந்தடிக்க இசக்கிப்பாண்டி கொண்டுவருவது; பித்தளை உடம்பு, மரப்பலகையில் இருத்தியது. ஓர் ஆள் நின்றபடி அதன் நீளக் கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். ஒரு குழாய் மருந்து டிரம்முக்குள் கிடக்கும். இன்னொரு குழாய், நீளமானது, நுனியில் மருந்து தெளிக்கும் குழலோடு கமுகின் உச்சிவரை போகும். உச்சியில் காலில் தளைக்கயிற்றோடு தொற்றிக்கொண்டு இசக்கிப்பாண்டி குலைகளுக்கு அடிப்பார். கீழே ஆட்டுகிறவள் ஆவுடைத்தாய்.

அறுபது அடி உயரத்திலிருந்து பேசினால் கீழே கேட்காது, காற்று கொண்டுபோய்விடும். அதனால் அவர்களுக்குள் குழாய்தான் பேச்சு. அவர் மேலிருந்து ஒரு தடவை இழுத்தால் ‘ஆட்டு’. இரண்டு தடவை இழுத்தால் ‘நிறுத்து’. ஆவுடைத்தாய்க்கு இரண்டு கையும் கைப்பிடியில் இருக்கும். அதனால் செருப்பைக் கழற்றிவிட்டு, மேலே போகும் குழாயை இடது உள்ளங்காலுக்கு அடியில் மிதித்துக்கொள்வாள். இழுப்பு அவள் காலுக்கு வரும்.

இப்போது கதையில் எது பணயம் என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஏதோ இயந்திரக் கட்டுரை என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். பம்பு செத்துக்கொண்டிருந்தது. அது ஆவுடைத்தாய்க்கு மட்டும் தெரியும். அவள் அதை மறைத்தாள்.

எப்படி மறைத்தாள் என்பது எளிது. உள்ளே சிலிண்டர் தேய்ந்து, ஆட்டுகிற ஆட்டில் பாதி வீணாகப் போயிற்று. அவள் இரண்டு மடங்கு ஆட்டினாள். மேலே மருந்து பழையபடி பூப்போல விரிந்துகொண்டு வந்தது. இசக்கிப்பாண்டி கீழே இறங்கிப் பலகையைத் தட்டிக்கொடுத்து, நம்ம பம்பு மாதிரி வராது என்று கண்டவர்களிடமெல்லாம் பெருமையடித்தார். அவள் வலது தோளில் தைலம் தேய்த்துக்கொண்டு, ஈரக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றாள்.

3

ஏன் மறைத்தாள்? இந்த இடத்தில் நான் நன்றாக மாட்டிக்கொண்டேன்.

நான் எழுதியது இது: ‘கணவனும் மனைவியுமாய்ச் சேர்ந்து எழுப்பிய அந்தத் தாளத்தை இழக்க அவளுக்கு...’

படித்துவிட்டு ஸ்ரீலட்சுமி கண்ணாடியைக் கழற்றினாள். அவள் கண்ணாடியைக் கழற்றினால் எனக்கு நல்லதில்லை. “இருபது வருஷம் கம்பியைப் பிடிச்சு ஆட்டினவளுக்குத் தாளமா? நீங்க ஒரு நாள் ஆட்டிப் பாருங்கோ. அவகிட்ட கேட்டேளா?” என்றாள்.

கேட்கவில்லை. கதாபாத்திரத்திடம் போன் போட்டுக் கேட்கும் வழக்கம் எனக்கு இல்லை. ஆனாலும் போட்டேன். ஆவுடைத்தாய் முதலில் சிரித்தாள், இதையெல்லாமா எழுதுவீர்கள் என்று கேட்டாள், பிறகு முசுறு எறும்பு கடித்த கதையைச் சொன்னாள். இனி வருவது அவள் சொன்னது. ஓரங்களில் மட்டும் நான் கொஞ்சம் பூசியிருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, பாலோடு பக்கம் ஒரு தோட்டம். அவள் ஆட்டிக்கொண்டிருந்தாள். உள்ளங்காலுக்குக் கீழே குழாய் நடுங்கியது. ஒரு இழுப்புமில்லை, இரண்டு இழுப்புமில்லை, வெறும் நடுக்கம். அண்ணாந்து பார்த்தாள். இசக்கிப்பாண்டி மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு முகத்தை அதில் ஒட்டியிருந்தார். மருந்துக் குழல் தனியாகத் தொங்கியது.

அவள் கைப்பிடியை விட்டாள். என்னங்க என்று கூப்பிட்டாள். அசைவில்லை. ஏங்க என்று கத்தினாள். அதற்கும் இல்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் செய்யாத காரியத்தை அப்போது செய்தாள். “இசக்கிப்பாண்டீ!” என்று தோட்டமே அதிரக் கூவினாள். புருஷன் பெயரைச் சொல்லாத ஊர்க்காரி. அவர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். அப்படியே பிடித்துக்கொண்டு கிடந்து, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்தார்.

தலைசுற்றல் என்று அவர் சொல்லவில்லை. முசுறு கடித்தது என்றார். அவள் சட்டையைக் கழற்றிப் பார்த்தாள், ஒரு தடிப்புமில்லை. அதைப் பற்றி அப்புறம் பேச்சே வரவில்லை. அவருக்கு இருந்த ஒரே மனக்குறை, இவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை அந்தத் தோட்டத்தில் மாங்காய் பறித்துக்கொண்டிருந்த நாலு பேர் கேட்டுவிட்டார்களே என்பதுதான்.

(இந்தப் பெயர் விஷயத்தை நான் இட்டுக்கட்டவில்லை. எனக்கு அவ்வளவு கெட்டிக்காரத்தனம் கிடையாது.)

4

அந்த வருட மழை முடிந்த கையோடு, விதுராவில் விவசாயச் சாமான் கடை வைத்திருக்கும் பிஜு ஒரு பெட்ரோல் மோட்டார் பம்பைக் காட்டினான். பிஜு நல்லவன். எதையும் யார் தலையிலும் கட்டுகிறவனில்லை. கயிற்றைச் சுண்டினான், மோட்டார் உறுமியது, தண்ணீர் எதிர்க் கடையின் பலகைவரை பாய்ந்தது.

“சேட்டா, இதுக்கு ஒராள் மதி. சேச்சி வீட்டுல ரெஸ்ட் எடுக்கட்டும்,” என்றான்.

ஓர் ஆள் போதும். பிஜு அதைப் பெரிய நன்மையாகத்தான் சொன்னான். ஆவுடைத்தாய்க்கு அது வேறு மாதிரிக் கேட்டது. மோட்டார் வந்தால் இசக்கிப்பாண்டி தனியாகப் போவார். கீழே மோட்டார் பாட்டுக்கு ஓடும். மேலே குழாய் நடுங்கினால் மோட்டாருக்கு என்ன தெரியும்? பெயர் சொல்லிக் கூப்பிட யார் இருப்பார்கள்?

ஏறாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தாளா என்று கேட்டேன். ஊரிலிருந்து வந்த நாளிலிருந்து ஏறுகிற மனுஷனிடம் அதைச் சொன்னால் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடப்பார் என்றாள். அதனால் பழைய பம்பைக் காப்பாற்றினாள். பம்பு நன்றாக இருக்கிறது என்று அவர் நம்புகிற வரை மோட்டார் வராது. மோட்டார் வராதவரை அவள் கீழே நிற்பாள். தோள் போனால் போகட்டும்.

5

இனி என் நாற்காலிக்கு வருவோம். போன வாரம். கமுகில் ஐம்பது முடிந்திருந்தது, நாற்பது பாக்கி. காலையில் வந்ததும் இசக்கிப்பாண்டி, இன்று கால் மூட்டு பிடிக்கிறது, கமுகு நாளைக்கு ஆகட்டும், நல்லமிளகுக் கொடிக்கு அடித்துவிடலாம் என்றார். கொடி தாழத்தான் இருக்கிறது, குழலை நீ பிடி, நான் ஆட்டுகிறேன் என்று அவளிடம் சொன்னார்.

எனக்கு அதில் எதுவும் தோன்றவில்லை. நேந்திரங்காய் வற்றல் தின்றுகொண்டிருந்தேன். ஆவுடைத்தாய் வேண்டாம் வேண்டாம் என்றாள், நானே ஆட்டுகிறேன் என்றாள். அவர் கேட்காமல் கைப்பிடியைப் பிடித்துவிட்டார்.

ஆட்டினார். கொடியருகே நின்ற அவள் கையிலிருந்த குழலில் இரண்டு சொட்டு வந்தது. இன்னும் ஆட்டினார். தூறல் மாதிரி ஏதோ வந்து அவள் காலில் விழுந்தது. குனிந்து குழாயில் மடிப்பு இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. டிரம்மைப் பார்த்தார், நிறைய இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெறிபிடித்தவர்போல ஆட்டியபோது மருந்து ஒருவாறு விரிந்தது. ஐந்து நிமிடம் தாங்கவில்லை. கைப்பிடியை விட்டுவிட்டு, மூச்சு வாங்க அவள் வலது தோளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எத்தன நாளாட்டி இப்டி?”

“போன வருசத்து மழைக்கு முந்தியே.”

“சொல்லலாம்லா.”

“நீங்க சொன்னியளா? மூட்டு வலியாம். நேத்து சாயந்தரம் செவுத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னியள, நான் பாக்கலன்னு நெனச்சியளா?”

இவ்வளவுதான் அவர்கள் பேசியது. இதில் ஒரு எழுத்துகூட என்னுடையது அல்ல. அதற்குப் பிறகு அவர் பம்புப் பலகையில் உட்கார்ந்தார். அவள் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். வற்றல் பொட்டலத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

6

முடிவு வேண்டுமே. எடுத்துப் பார்த்த முடிவுகளைக் கீழே வைக்கிறேன்.

ஒன்று: பழைய பம்பைப் பழுதுபார்க்கிறார்கள். பிஜு திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டான். வாஷர் மாற்றலாம், தேய்ந்த சிலிண்டருக்கு அது நிற்காது.

இரண்டு: மோட்டாரும் கூடவே நீளக் கம்பும் வாங்கித் தரையில் நின்று அடிக்கிறார்கள். இதை நான் மிகவும் விரும்பினேன், கடைசி வரியைக்கூட எழுதிவிட்டேன். பிஜு கெடுத்தான். கம்பு நாற்பதடிக்குத்தான் எட்டுமாம். ஸ்ரீலட்சுமியின் கமுகுகள் அதைத் தாண்டி இருபதடி வளர்ந்துவிட்டன.

மூன்று: அதே மாதிரி இன்னொரு கைப்பம்பைப் புதிதாக வாங்குகிறார்கள். நீங்களும் இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தீர்கள், எனக்குத் தெரியும். வாங்கலாம், கிடைக்கும். அவள் தோள் பிழைக்கும், அவள் கீழே நிற்கலாம். ஆனால் அவர் மேலேதானே இருப்பார்? தலை சுற்றினால் அவள் உள்ளங்காலுக்குத் தெரியும், சரி. தெரிந்து? அறுபதடியில் பிடி விட்டவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நிறுத்த முடியுமா?

இதை எழுதிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இத்தனை பக்கமாக நான் பம்பை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். மரம் ஏறச் சொல்கிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்தப் பட்டியலில் நானும் இருக்கிறேன் என்பதால் பேனா அந்தப் பக்கம் போகவில்லை போலும்.

நான்கு: இது நான் யோசித்ததில்லை. இன்று மத்தியானம் கரமனை வீட்டில் சாப்பிட உட்காரும்போது ஆவுடைத்தாயின் போன் வந்தது.

“சார், அவுக மோட்டார எடுக்கலாங்காக. மிச்ச நாப்பதையும் நாளைக்கு ஏறி முடிச்சிருவாகளாம். நீங்க வேண்டாம்னு சொல்லுங்க சார். நான் சொன்னா கேக்க மாட்டாக, தோட்டக்காரர் சொன்னா கேப்பாக.”

மழை நாலு நாளில் வந்துவிடும், நாற்பது மரத்துப் பிஞ்சும் போய்விடுமே என்று வாய்வரை வந்ததை விழுங்கினேன். பதிலுக்குப் புத்திசாலித்தனமாக வேறொன்று கேட்டேன். நான் வேண்டாம் என்றால் அவர் அடுத்த தோட்டத்தில் ஏறிவிட மாட்டாரா?

“அந்தத் தோட்டக்காரங்களுக்கும் நான்தான் போன் போடுதேன். ஆள வேற பாத்துக்கிடுங்க, எங்களுக்குக் கொடி, வாழை, பயறுன்னு தரையில நின்னு அடிக்கிற வேலையாக் குடுங்கன்னு சொல்லுதேன். வேலைக்குத் தக்கன பம்பு எடுத்துக்கிடுதோம். மொத்தம் பதினோரு தோட்டம் சார். உங்களோடது நாலாவது.”

மற்ற மூன்று பேரும் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம். அதை அவள் குறையாகச் சொல்லவில்லை, விவரமாகத்தான் சொன்னாள்.

ஸ்ரீலட்சுமி ரசக் கரண்டியோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மரம் அவளுடையது, அவளிடம் கேட்க வேண்டும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். பொய் சொல்ல மாட்டேன், நடந்ததை எழுதிவிடுகிறேன்.

“யோசிச்சுச் சொல்றேம்மா,” என்றேன்.

சரி சார் என்று வைத்துவிட்டாள். ஸ்ரீலட்சுமி ரசத்தை ஊற்றாமல் அடுக்களைக்குள் போய்விட்டாள்.

இந்தக் கதைக்கு முடிவு எழுதும் யோக்கியதை எனக்கு இல்லை என்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். ஐந்தாவது தோட்டம் உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கமுகும் அறுபதடி, உங்களுக்கும் மழை நாலு நாளில். அவள் இந்நேரம் உங்கள் எண்ணைத்தான் போட்டுக்கொண்டிருப்பாள். எடுத்துப் பேசுங்கள்.