தைக்காமல் விட்ட புண்

மேற்கு மலையின் முகடுகளில் முகில் படிந்து, நூலாலைச் சங்குகள் ஊதி அடங்கி, வில்லிபுத்தூர்ப் பக்கமிருந்து வரும் பேருந்துகள் வேலையாள்களை இறக்கிவிட்டு மீளும் இளங்காலையில், இராஜபாளையத்து மருத்துவமனை ஒன்றின் கட்டிலருகே, மம்சாபுரத்து வெங்கடேஸ்வரி இமை கொட்டாது நின்றாள். நல்லறிவுடையீர், அவள் அங்ஙனம் நின்றது மகள்மேல் இரங்கி மட்டுமன்று, மருத்துவர்மேல் ஐயுற்றும்.

ஐந்து வயது மாரிக்கனியின் தோளில், தோலுக்கடியில் வேரோடும் அரிய புற்றொன்று முளைத்திருந்தது. மூன்று நாள்முன் அதனை மருத்துவர் நவநீதகிருஷ்ணன் அறுத்தெடுத்தார். கணவன் எல்லைப் படையில் இருந்தமையால் இசைவுக் கையொப்பம் இட்டவள் அவளே. காயங்கட்டும் துணி நெய்யும் ஆலையில் பன்னிரண்டாண்டு துணியை ஒளிக்கெதிரே பிடித்துக் குறை கண்டவளாதலின், மகளின் புண்கட்டைத் தொட்டதும் அவள் விரல்கள் திடுக்கிட்டன. தைத்த புண்ணுக்கு இத்தனை அடுக்குத் துணி எதற்கு? புண்ணைத் திறந்தே விட்டிருக்கின்றனர்! மருத்துவரோ, மறுமுறை அறுக்கக் கையொப்பம் கேட்டுத் தாளனுப்பியிருந்தார். அவள் ஆலையில் கறையை ஒரே வெட்டில் களைவர். மறுவெட்டு விழுந்தால் முதல் வெட்டுப் பிழை. அறுத்தவர் பிழையை மறைக்கிறார் என்றே முடிவு கட்டி, பிள்ளையைத் தோளில் சார்த்தி மருத்துவமனையை விட்டுப் புறப்பட்டாள். வாயிலில் மருத்துவரே எதிர்ப்பட்டார்.

"ஏன் தைக்காம விட்டிய? தப்பா வெட்டிப்புட்டு மறைக்கியளா?"

"அன்னைக்கே சொன்னேம்மா. நீங்க அழுதுக்கிட்டு இருந்தீங்க. திரும்பச் சொல்லாதது என் தப்பு. வெட்டின சதையோட ஓரத்தைப் பார்த்து, சுத்தம்னு தெரிஞ்ச பொறவுதான் தைக்கணும். மேல் ஓரத்துல இன்னும் வேர் இருக்கு. இப்பத் தைச்சா நோயை உள்ள வச்சுப் பூட்டின மாதிரி."

"ஓரத்தைப் பாத்தது நீங்கதானா?"

"இல்லம்மா, வேற டாக்டர். நானே வெட்டி நானே பாக்கக் கூடாது."

 நெய்தவனே தன் துணியைச் சோதித்து அனுப்பலாகாது என்பது வெங்கடேஸ்வரியின் பிழைப்பில் முதல் நெறி. தன்னையே நம்பாத ஒருவரைத்தான் நம்பலாம் என்று தோன்றிற்று. பிள்ளையோடு உள்ளே திரும்பிக் கையொப்பமிட்டாள்.

மறுவெட்டின் ஓரங்கள் தூயவையென்று நான்காம் நாள் சொல் வந்தது, புண்ணும் மூடப்பட்டது. தாய் வாய்விட்டு அழுதாள். ஆயினும் இன்றும் மகளை நீராட்டும்போதெல்லாம் அவள் விரல் அவ்வடுவின் ஓரத்தைச் சுற்றித் தடவிப் பார்க்கின்றது. நோய் நீங்கிற்றென்று மருத்துவர் ஒரே நாளில் சொல்லிவிடலாம். தாய் அதை நம்புவதற்கோ, பிள்ளை வளர்ந்து காட்ட வேண்டும்.