சும்மாடு இல்லாத சிலை

கரமனை ஆற்றோரப் பூங்காவில் நிறுத்திய மூன்றாம் நாளே, பகவதிப்பெருமாள் செய்த சிமென்ட் பெண்ணுக்குக் கழுத்து வலி கண்டது. தலையிலிருந்த பன்னிரண்டு சிமென்ட் செங்கலையும் இறக்கி அடுக்கிவிட்டு, பீடத்திலேயே உட்கார்ந்து பிடரியைத் தடவிக்கொண்டிருந்தாள். நடக்க வந்தவர்கள் பார்த்தார்கள். வெயில் ஏறியதும் ஆபீசுக்குப் போனார்கள்.

பகவதிப்பெருமாள் நாஞ்சில் நாட்டிலிருந்து பிழைக்க வந்த கொத்தன். கட்டட வேலை செய்யும் பெண்ணுக்கு ஒரு சிலை வேண்டும் என்று அங்குள்ள குடியிருப்போர் சங்கம் கேட்டபோது, மனைவி முத்தாரம்மாளை நாலு சாயங்காலம் செங்கலோடு நிறுத்திவைத்துப் பார்த்துச் செய்தான். அவளும் சித்தாள்தான், பகலெல்லாம் சுமந்துவிட்டு வந்தவள். சுமைக்கு அடியில் வைக்கும் துணிச் சும்மாடு நெற்றியை மறைக்கிறது என்று அதை எடுத்துவிடச் சொன்னான். சும்மாடு இல்லாத சுமை பிடரியில் எப்படி இறங்கும் என்று தெரியாதவனல்ல. பத்து வயதில் அவனும் சுமந்தவன். திறப்பு விழாவில் எல்லாரும் அந்தக் கழுத்து நரம்பைத்தான் மெச்சினார்கள். யாரைப் பார்த்துச் செய்தது என்று டிவியிலிருந்து வந்த ஷிஜி கேட்டாள். எல்லாம் கற்பனை என்றான். முத்தாரம்மாள் கூட்டத்தில் நின்று அதைக் கேட்டாள்.

இப்போது சங்கத்தார் அவனைக் கூப்பிட்டுவிட்டார்கள். வந்து பீடத்தருகே நின்றான்.

“ஏட்டி, எடுத்துத் தலையில வையி. மானம் போவுது.”

“சும்மாடு இல்லாம எவ சுமப்பா ஓய்? நீரு சுமப்பீரா?”

“நான் செஞ்ச வாயி, என்கிட்டயே பேசுதா?”

“நீரு செஞ்சது மூடுன வாயி. தொறந்தது நான்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை உருட்டிச் சும்மாடாக்கி நீட்டினான். “தெரிஞ்சேதான் செஞ்சேன். மன்னிச்சிரு” என்றான், அவளுக்கு மட்டும் கேட்கும்படி. அவள் அதைத் தலையில் வைத்து, செங்கலை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நாலு மணிவரை சுமக்கிறாள். பிறகு இறக்கி வைத்துவிட்டு ஆற்றைப் பார்த்து உட்காருகிறாள். சங்கம் அந்த நேரத்தைப் பலகையில் எழுதி வைத்துவிட்டது. பூங்கா நிறுத்தம் வந்தால் பஸ் கண்டக்டர்கள், “செங்கல்சேச்சி, இறங்ஙான் உண்டோ?” என்று, செங்கல் அக்கா நிறுத்தத்தில் இறங்க ஆளுண்டா என்று மலையாளத்தில் கேட்கிறார்கள். வேலை முடிந்து வரும் முத்தாரம்மாள் தினமும் அங்கே இறங்கி, சிலையின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். அதே பஸ்ஸில் இருக்கும் பகவதிப்பெருமாள் இறங்குவதில்லை. மறுபக்க ஜன்னலைப் பார்த்துக்கொள்கிறான். சிலையிடம் கேட்ட மன்னிப்பை அவன் இன்னும் முத்தாரம்மாளிடம் கேட்கவில்லை. அது பாக்கி.